ஷூவை யார் மாட்டி விடறாங்க?

திருப்பூர்ல கைக்குழந்தை இருக்கற வீட்டுக்காரங்க, லைன் வீட்டுல குடியிருக்கறவங்க, கம்பெனி சூப்பர்வைசருங்க, எல்லாரும் இதைக் கொஞ்சம் படிங்க. கிளப்ஃபுட் பற்றிய த்ரெட். நீளம்தான், பொறுத்துக்கங்க.

பிறக்கும்போதே குழந்தையின் பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். சுமாராக ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு இப்படி வரும். கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை (யாராவது கேட்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்).

பெரும்பாலும் பெரிய ஆபரேஷன் தேவைப்படாது. அமெரிக்காவின் ஐயோவாவில் வேலை பார்த்த டாக்டர் பொன்செட்டியின் முறைதான் இப்போ உலகம் முழுக்க. வாரம் ஒரு மாவுக்கட்டு, ஐந்தாறு வாரம். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடைசியில் குதிகால் மேலே ஒரு சின்ன வெட்டு. பாதம் நேராயிடும்.

எங்களை மாதிரி எலும்பு டாக்டர்களோட பங்கு கிட்டத்தட்ட இதோட சரி. சிக்கலே அப்புறம்தான். நடுவில் கம்பி வைத்த ஒரு ஜோடி ஷூ. முதல் 3 மாதம் நாளைக்கு 23 மணி நேரம், பிறகு நாலு வயசு வரைக்கும் தூங்கும்போதெல்லாம் போடணும். இதை விட்டால் பாதம் பழையபடி திரும்பிடும்.

பனியன் கம்பெனிக்குப் போற குடும்பத்தில் இது எப்படி நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஒரு பீகார் குடும்பம். அப்பா டெய்லர், அம்மா செக்கிங். ஒன்றரை ஷிப்ட், வீடு திரும்ப ராத்திரி எட்டரை ஆகும். குழந்தையின் பாதத்தைக் கவனிச்சு அனுப்பி வச்சதே அங்கன்வாடி டீச்சர்தான். கட்டுப் போட வந்த ஒவ்வொரு வாரமும் அரை நாள் கூலி போச்சு. ஆனாலும் வந்தாங்க.

ஷூ குடுத்து ரெண்டு வாரம் கழிச்சு வந்தப்போ பிசியோதெரபிஸ்ட் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. ஸ்ட்ராப்பில் மடிப்பே விழலை. திட்டலை. "பகல்ல குழந்தை யார்கிட்ட இருக்கு?"ன்னு மட்டும் கேட்டாங்க.

பக்கத்து லைன் வீட்டு ஆத்தா கிட்ட. குழந்தை அழுதா பாவம்னு ஷூவைக் கழட்டிடுவாங்க. நாங்க அம்மாவுக்கு இந்தியில் அவ்வளவு விளக்கினோம், ஆத்தாவுக்கு இந்தியே தெரியாது!

ஞாயித்துக்கிழமை சோஷியல் ஒர்க்கர் வீட்டுக்கே போய் ஆத்தாவுக்கு மாட்டக் கத்துக்குடுத்தாங்க. முதல் ரெண்டு நாள் அழும், கழட்டிக் கழட்டி மாட்டினாத்தான் அழுகை அதிகமாகும்னு சொன்னாங்க. குதிகால்ல கொப்புளம் வந்ததை நர்ஸ் பார்த்தாங்க, ஷூ செய்யறவர் உள்ளே பஞ்சு வச்சுத் தந்தார்.

2013ல் ஆரம்பிச்ச தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் கவனிக்கிற குறைபாடுகள்ல கிளப்ஃபுட்டும் ஒண்ணு. அதுக்காகவே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கு. குழந்தை டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சோஷியல் ஒர்க்கர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். நோயாளியை எழுதி அனுப்பறது வேற, சேர்ந்து பார்க்கறது வேற. ஸ்ட்ராப்பை ஒருத்தர் பார்க்கலைன்னா, ஆத்தா வீட்டுக்கு இன்னொருத்தர் போயிருக்கவே மாட்டார்.

சத் பூஜைக்கு ஊருக்குக் கிளம்பினப்போ ஒரு சைஸ் பெரிய ஷூவும், இந்தியில் எழுதின ஒரு பக்கமும் குடுத்து விட்டோம். இந்தத் திட்டம் பீகார்லயும் உண்டு, அங்கேயும் காட்டலாம்.

உங்க பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பாதம் திரும்பியிருந்தா செவிலியர்கிட்டயோ அங்கன்வாடியிலயோ சொல்லுங்க. பிறந்த முதல் சில வாரங்களிலேயே கட்டை ஆரம்பிச்சா ரொம்ப சுலபம். அரசு மருத்துவமனையில் செலவு இல்லை. சூப்பர்வைசர்கள் கிட்ட ஒண்ணே ஒண்ணு: அந்த ஆறு வாரம், வாரத்துக்கு அரை நாள் பர்மிஷன் குடுங்க.