மேல்காற்று புறப்படும் இடத்தில்: மணியாச்சியிலிருந்து குற்றாலம்

ஆனி மாதக் கடைசியில் மணியாச்சி பிளாட்பாரத்தில் நின்றால் மேல்காற்று ஆளைத் தள்ளுகிறது. மேற்கே அடிவானத்தில் மேகம் கறுத்துக் கிடக்கிறது, ஆனால் இங்கே ஒரு சொட்டு விழாது. சுற்றிலும் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பித்தான் இந்தப் பக்கம் உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் விதைப்பார்கள். அதுவரை காட்டில் பெரிதாக வேலை கிடையாது. எங்கள் பக்கத்து ஆட்கள் குற்றாலம் கிளம்புவது இந்தச் சமயத்தில்தான்.

இந்தத் தடவை என்னோடு வந்தவன் அண்ணன் மகன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனியில் வேலை. பயிற்சிக்காகக் கொரியாவில் ஆசான் என்ற ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். ஆசான் நகருக்குள்ளேயே ஓன்யாங் வெந்நீர் ஊற்று இருக்கிறது. "ரெண்டு நாள் லீவு கிடைச்சாப் போதும் சித்தப்பா, சியோல்லருந்து மெட்ரோவப் பிடிச்சு நேரா அங்க வந்து எறங்கிருவாங்க. வயசானவங்களுக்கு டிக்கெட்டே கிடையாது. குளிச்சு, சாப்பிட்டு, சாயந்திரம் திரும்பிருவாங்க. நம்ம பக்கம் அப்படி ஒரு ஊரு இல்லையே" என்றான். சின்னப் பிள்ளையில் குற்றாலம் பார்த்தது அவனுக்கு நினைவில் இல்லை. வந்து பார்க்கட்டும் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்டேஷனில் விசாரித்தால் ஆளுக்கொரு கதை. "சீசன் டல்லு, தண்ணி நூல் மாதிரி விழுது" என்றார் டீக்கடைக்காரர். தென்காசியிலிருந்து வந்து இறங்கிய ஒருவரோ, "ஆர்ச்சத் தாண்டி விழுது, குளிக்க விடமாட்டாங்க" என்று அடித்துச் சொன்னார். இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு, திருநெல்வேலிக்கு ஆளுக்கு 10 ரூபாய் டிக்கெட் எடுத்தோம்.

பெயர்ப்பலகையில் வாஞ்சி மணியாச்சி என்று இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் கொடைக்கானலுக்குப் போகும் வழியில் இந்த ஜங்ஷனில் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதனுக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. குற்றாலத்திலிருந்து எட்டிப் போனால் செங்கோட்டைதான். அவர் ஊர்ப் பக்கமாகத்தான் எங்கள் பயணமும்.

கங்கைகொண்டானில் ரயில் ஒரு பாலத்தைக் கடக்கிறது. கீழே போவது சிற்றாறு. எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. மற்றபடி மணலும் சீமைக்கருவேலமும். குற்றாலத்தில் அருவியாக விழுவது இதே ஆறுதான். மலையிலிருந்து இறங்கி, சுமார் 80 கிலோமீட்டர் ஓடி, சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் சேருகிறது. வழியெல்லாம் அணைக்கட்டுகளும் கால்வாய்களும் குளங்களும் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் இந்தப் பாலத்துக்கு வரும். மணியாச்சிக்கு இவ்வளவு பக்கத்தில் குற்றாலத்துத் தண்ணீர் ஓடவேண்டிய தடம் கிடக்கிறது என்பதைப் பெட்டியில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

திருநெல்வேலியில் செங்கோட்டை பாசஞ்சர். தென்காசிக்கு 20 ரூபாய். சேரன்மகாதேவி வரை வெயில் அடித்தது. கல்லிடைக்குறிச்சி தாண்டித் தாமிரபரணிப் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் கம்பி குளிர்ந்துவிட்டது. அம்பாசமுத்திரத்தில் கார் நெல் நட்ட வயல்கள். கீழக்கடையம் தாண்டியதும் இடதுபக்கம் மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. பாவூர்சத்திரம் பக்கம் காற்றாலைகள் விடாமல் சுற்றின. இதே காற்றுதான் கயத்தாறு காற்றாலைகளையும் சுற்றுகிறது, எங்கள் ஊர்ப் புழுதியையும் கிளப்புகிறது. கேரளத்துப் பக்கமிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலையிலேயே இறக்கிவிட்டு வறண்ட காற்றாகக் கரிசலுக்கு வருகிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்திருப்பதால் அந்த இடைவெளி வழியாகக் கொஞ்சம் ஈரம் தப்பித்து வந்து தென்காசியில் சாரலாக விழுகிறது. ரயிலை விட்டு இறங்கும்போது அந்தச் சாரல் முகத்தில் பட்டது. அண்ணன் மகன் போனை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர் சொச்சம். பஸ் மேலகரம் வழியாகப் போகிறது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அது. கூட்ட நெரிசலில் ஊரைப் பார்க்க முடியவில்லை.

குற்றாலத்தில் இறங்கிய இடத்திலிருந்து அருவிச் சத்தம் கேட்டது. "தண்ணி நூல்" என்றவர் சொன்னது பொய் என்று அங்கேயே தெரிந்தது. கடைகள் வரிசையாக: நேந்திரம் சிப்ஸை எண்ணெய்ச் சட்டியில் நேரே சீவிப் போடுகிறார்கள், கால் கிலோ 100 ரூபாய். மங்குஸ்தான் கிலோ 300 சொன்னார்கள், ரம்புட்டான் 200. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஜாதிக்காயும் கிராம்பும் வைத்துப் பார்த்த மண் இது. இன்றைக்கும் மங்குஸ்தான் இந்த மலையில் காய்க்கிறது. கடையில் இருப்பதெல்லாம் இங்கே காய்த்ததா என்று கேட்டேன். "பாதி இங்க, பாதி கேரளா" என்று ஒரு பழக்கடை அம்மா மறைக்காமல் சொன்னார். அவரிடமே வாங்கினோம்.

மெயின் அருவி என்று எல்லோரும் சொல்லும் பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம். நேராக விழுந்தால் கீழே மனிதன் நிற்க முடியாது. நடுவில் பாறையில் பொங்குமாகடல் என்ற ஆழமான குழி இருக்கிறது. தண்ணீர் முதலில் அதில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து அதன் பிறகே நம் தலைக்கு வருகிறது. அண்ணாந்து பார்த்தால் வெள்ளை நீர் ஒரு இடத்தில் தடுத்து எழும்பி மறுபடி விரிவது தெரியும். பாறைச் சுவரில் சிவலிங்கங்கள் செதுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் விலகும் ஒரு நொடியில் அவை கண்ணில் படும். ஆர்ச் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் பாதுகாப்பு வளைவுக்கு உள்ளேதான் தண்ணீர் விழுந்தது. அதைத் தாண்டினால் குளிக்கத் தடை. ஆக இரண்டாவது ஆள் சொன்னதும் அன்றைக்குச் சரியில்லை.

துணியை மாற்றிக்கொண்டு வரிசையில் நுழைந்தோம். முதல் அடி உச்சந்தலையில். மூச்சு நின்று, வாய் தானாகத் திறக்கிறது. பத்து எண்ணுவதற்குள் குளிர் போய்விடுகிறது, எடை மட்டும் இருக்கிறது. தோளில், பிடரியில், முதுகுத்தண்டில் அந்த எடை இறங்கி இறங்கி, எங்கெங்கே இறுகிக் கிடந்தோமோ அங்கெல்லாம் இளகுகிறது. பக்கத்தில் நிற்பவர் கத்திப் பேசினாலும் கேட்காது. போனும் கடனும் ஊர் வழக்கும் எந்த மூளையில் இருந்தாலும் அந்த நேரத்துக்கு அங்கே இடமில்லை. அண்ணன் மகனைத் தேடினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றவனுக்கு வெளியே வர மனமில்லை.

வெளியே வந்து சுக்குக் காப்பி குடித்தோம், 15 ரூபாய். "அங்க சத்தமே இருக்காது சித்தப்பா. முதல்ல உக்காந்து தேய்ச்சுக் குளிச்சிட்டு, பிறகுதான் தொட்டிக்குள்ள எறங்கணும். கழுத்து வரைக்கும் வெந்நீர். யாரும் யாருகிட்டயும் பேச மாட்டாங்க" என்றான். ஓன்யாங்குக்கு அரசர்களே போயிருக்கிறார்கள். கொரிய எழுத்தை உருவாக்கிய செஜோங் மன்னர் 1433இல் அங்கே போய்க் குளித்தார். அரசர்கள் தங்கிய மாளிகை இருந்த இடத்தில் இன்று ஹோட்டல் நிற்கிறது. பூமிக்கடியிலிருந்து 25 டிகிரிக்கு மேல் சூடாக வந்தாலே கொரியச் சட்டப்படி அது வெந்நீர் ஊற்று. கோவில்பட்டி போர்த் தண்ணீர் சித்திரையில் அதற்கு மேலேயே கொதிக்கும். பனி கொட்டும் நாட்டில் உடம்பு சூட்டைத் தேடுகிறது, எங்கள் ஊரில் குளிரைத் தேடுகிறது. தேடிப் போவதும், தண்ணீருக்குள் உடம்பைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அங்கே உள்ளே போகக் கட்டணம் உண்டு. இங்கே அருவிக்குக் காசு கிடையாது. இதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

ஏன் என்றால், வேன் நிறுத்தும் இடத்தில் பார்த்ததைச் சொல்லவேண்டும். கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒரு வேன் வந்திருந்தது. பதினைந்துக்கும் மேல் பெண்கள், எல்லோரும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ஒரு ஓரத்தில் கேஸ் அடுப்பு வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். மணியாச்சி என்றதும் "அப்ப நம்மாளு" என்று உட்காரச் சொன்னார்கள்.

"வருசத்துல ஒரு நா, அண்ணாச்சி. வாரம் 50 ரூவா சீட்டுப் போட்டு இதுக்குன்னே எடுத்து வைப்போம். மருந்து வாடை மூக்குலயே நிக்கும். இந்தத் தண்ணி தலையில விழுந்தாத்தான் போவுது" என்றார் கூட்டத்தில் மூத்தவர். அவர் கையைப் பார்த்தேன். விரல் நுனிகள் காய்த்து வழுவழுவென்று இருந்தன.

"எவ்வளவு நேரம் குளிச்சீங்க, அக்கா?"

"எங்க குளிக்க விட்டாங்க? வரிசையில நின்ன நேரந்தான் கூட."

அது உண்மையா என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். பெண்கள் வரிசை ஆண்கள் வரிசையைவிட நீளம். உள்ளே போன ஒரு கூட்டம் வெளியே வருவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அடுத்த கூட்டத்துக்காக விசில் ஊதிவிட்டார்கள். ஆண்கள் பக்கம் நான் நின்றது அதைவிட நிறைய நேரம். உடை மாற்றும் அறை வாசலிலும் பெண்கள் ஈரச்சேலையோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். வருஷம் பூராவும் சீட்டுக் கட்டி வருகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரமும் இன்னும் நாலு அறையும் கொடுக்கவேண்டும்.

அருவிக் கரையில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தடை என்று பலகை வைத்திருக்கிறார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை போட்ட உத்தரவு அது. "இப்பல்லாம் யாரும் போடுறதில்ல" என்று கடைக்காரர் சொன்னார். வடிகால் ஓரமாக நடந்து பார்த்தேன். பாறை இடுக்குகளில் ஷாம்பு பாக்கெட்டுகள் கிடந்தன, புதிதாகக் கிழித்தவை. இந்தத் தண்ணீர்தான் கீழே குளங்களுக்கும் வயல்களுக்கும் போகிறது. எண்ணெய் மசாஜ் கடைகள் கொஞ்சம் தள்ளி இருக்கின்றன. தலைக்கும் உடம்புக்கும் சேர்த்து 300 ரூபாய் கேட்டார்கள். தேய்த்துவிட்டவர் தோள்பட்டையைப் பிடித்த பிடியில் எனக்குக் கண் சொருகிவிட்டது. குற்றாலநாதருக்கே மூலிகைத் தைலம் சாத்துகிற ஊர். அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்தியதால் சுவாமிக்குத் தலைவலி, அதற்குத்தான் தைலம் என்று கோயில் கதை சொல்கிறது.

கோயில் அருவிக்குப் பக்கத்திலேயே, சங்கு வடிவத்தில் கட்டியது. சித்திரசபை தனியாகக் கொஞ்ச தூரம் நடந்தால் வருகிறது. நடராசருக்குரிய ஐந்து சபைகளில் ஒன்று. சுவரெல்லாம் ஓவியம். சில இடங்களில் நிறம் நன்றாக நிற்கிறது, சில இடங்களில் கோடு மட்டும். வெளியே அவ்வளவு கூட்டம் இருந்தும் உள்ளே எங்களோடு ஐந்தாறு பேர்தான். தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. 1954இல் காலமாகும் வரை இந்த ஊரில்தான் வாழ்ந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கே வந்து தங்கினார்கள்.

மாலையில் ஷேர் ஆட்டோவில் ஐந்தருவி, ஆளுக்கு 20 ரூபாய், 4 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். "அஞ்சும் கொட்டுது" என்றார் ஓட்டுநர். போய் எண்ணிப் பார்த்தோம். நாலு நன்றாக விழுந்தது, ஐந்தாவது பாறையை ஒட்டி வழிந்தது. இரவு தங்கிய லாட்ஜில் 1,200 ரூபாய் வாங்கினார்கள். மின்விசிறி போடாமல் போர்த்திக்கொண்டு தூங்கினோம். ஆனி மாதத்தில் எங்கள் ஊரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

விடிந்ததும் பழைய குற்றாலம். ஏழெட்டுக் கிலோமீட்டர், தனி ஆட்டோவுக்கு 250. 2024 மே 17 அன்று, சீசன் தொடங்காத கோடையில், மலையில் பெய்த மழையால் இங்கே திடீரென்று வெள்ளம் இறங்கி 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அந்த வெள்ளத்தின் வீடியோவைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அதனால் குளிக்கும் முன் கொஞ்ச நேரம் படியில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியாக விழுந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் நாற்பது ஐம்பது பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் இறங்கி நனைந்து சிறிது நேரம்கூட ஆகியிருக்காது. தண்ணீரோடு சருகுகளும் சின்னச் சுள்ளிகளும் வர ஆரம்பித்தன. தண்ணீரின் நிறம் லேசாகச் செம்மைக்கு மாறியது. கீழே சாரல்கூட இல்லை, வானம் வெளுத்திருந்தது. காவலர் விசில் ஊதினார். ஒருவர் "இன்னும் ரெண்டு நிமிசம் சார்" என்று கெஞ்ச, "மேல மழை. ஏறு, ஏறு" என்று அவர் கையைப் பிடித்தே இழுத்தார். எல்லோரும் மேலே வந்து துவட்டிக்கொண்டு நின்றோம். பத்து நிமிஷத்தில் நாங்கள் நின்ற படிகளின் மேல் பழுப்பு நீர் புரண்டு போனது.

"எப்ப திறப்பீங்க?" என்று அண்ணன் மகன் கேட்டான்.

"தண்ணி தெளியட்டும் தம்பி. மத்தியானமும் ஆகலாம், நாளைக்கும் ஆகலாம்."

காத்திருக்க நேரமில்லை, தென்காசியில் ரயிலைப் பிடிக்கவேண்டும். ஆட்டோவில் ஏறும்போது அவன் கேட்டான்: "சித்தப்பா, ஐப்பசி மழைக்கும் தண்ணி விழும்ல?" விழும் என்றேன். அப்போது கரிசலில் விதைப்பு நடக்கும், தீப்பெட்டி ஆபீஸில் வேலை இருக்கும், கூட்டம் இவ்வளவு இருக்காது. அம்மாவையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு வரப்போவதாகச் சொன்னான்.