மேகத்துக்குக் கீழே இரண்டு பாதங்கள்

இயேசு விண்ணேறும் படம் என்றாலே ஒளிவட்டம், மேகக்கூட்டம், விரித்த கைகளோடு முழு உருவம் என்று நம் கண் பழகிவிட்டது. பண்ருட்டிப் பக்கத்து வீடுகளில் மாட்டியிருக்கும் அச்சுப் படங்களிலும் அப்படித்தான். ஆனால் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1511இல் வெளியிட்ட 'சிறிய திருப்பாடுகள்' மரச்செதுக்குப் படவரிசையில் இயேசுவைத் தேட வேண்டியிருக்கிறது. உள்ளங்கையளவுப் படம். மேல் விளிம்பில், மேகத்துக்குக் கீழே, இரண்டு பாதங்களும் அங்கியின் ஓரமும் மட்டும் தெரிகின்றன. சீடர்கள் அண்ணாந்து நிற்கிறார்கள். அவர்கள் நடுவே ஒரு மேடு. அதன் உச்சியில் இரண்டு காலடித் தடங்கள்.

பாதி மறைந்த கிறிஸ்துவை இங்கிலாந்தின் சுவடி ஓவியர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வரைந்திருக்கிறார்கள். மரச்செதுக்கில் அந்தக் காட்சி இன்னும் ஆழம் பெறுகிறது. உளி விட்டுவைத்த இடம் மை ஏற்றுக் கோடாகும். செதுக்கி எடுத்த இடம் வெள்ளைத் தாளாகவே நிற்கும். அங்கே வெளிச்சம் பிறப்பதே இழப்பில்தான். கண்முன் இருந்தவர் மறைவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கலை எது?

திருவடியைப் போற்றும் பக்தி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை, அப்பர் உழவாரப் பணி செய்த மண். அதைக் காலால் மிதிக்க அஞ்சி, சுந்தரர் பக்கத்துச் சித்தவட மடத்தில் தங்கினார். இரவில் ஒரு முதியவர் தம் கால் அவர் தலைமேல் படும்படி படுத்தார். இடம் மாறிப் படுத்தும் விடவில்லை. நீர் யார் என்று கேட்டதும் மறைந்தார். வந்தவர் சிவபெருமான் என்று அப்போதுதான் புரிந்தது. பெரியபுராணக் கதையில் பாதம் இறங்கி வருகிறது, டியூரரிடம் ஏறிப் போகிறது. இரண்டிலும் அடியவருக்கு மிஞ்சுவது திருவடி பட்ட இடம்.

1510இல் டியூரர் உருவாக்கிய மாதாவின் விண்ணேற்புப் படத்தில் விண்ணக முடிசூட்டு முழுதாகத் தெரிகிறது. கீழே வெறும் கல்லறையைத் திருத்தூதர்கள் சூழ்ந்து நிற்கிறார்கள். அது கண்ணை நிறைக்கும் படம். என் மனம் நிற்பதோ பாதங்கள் மட்டும் தெரியும் படத்தில்தான். வானத்தையே பார்த்து நிற்பதேன் என்று சீடர்களிடம் வெள்ளுடை அணிந்த இருவர் கேட்டதாகத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. சீடர்கள் மலையிறங்கி எருசலேமுக்குத் திரும்பினார்கள். முகத்தை மறைத்துத் தடத்தைக் காட்டும் இந்தப் படமும் நம்மிடம் அதையே கேட்கிறது. போனவரின் பெருமையோடு, நின்றவர்கள் இனி நடக்க வேண்டிய வழியையும் சொன்னால்தான் விண்ணேற்றப் படம் முழுமை பெறும் என்று நம்புகிறேன்.