கதை வனத்திற்கு ஒரு குடும்பப் பயணம்



விடுமுறை என்னும் சொல் பிள்ளைகளின் செவியில் தேனாகவும், பெற்றோரின் செவியில் கணக்காகவும் ஒலிக்கின்றது. ஐரோப்பிய நாடுகளில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்களில், ஜெர்மனியிலுள்ள கெவலார் மாதா திருத்தலத்தில் பல நாடுகளிலிருந்தும் தமிழர் ஆயிரக்கணக்கில் வந்து கூடுகின்றனர். திருப்பலி முடிந்து, சோற்றுப் பொட்டலங்கள் பிரிக்கப்படும் வேளையில், பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பள்ளிக்கூடம் திறந்ததும், விடுமுறைக்கு எங்கே போனாய் என்று ஆசிரியை கேட்பார். எல்லாரும் சொல்வார்கள். நான் என்ன சொல்வது?"

இவ்வாறு கேட்கும் பிள்ளையைக் கடிந்துகொள்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பெற்றோர் பலர் இதற்கு இரண்டே விடைகளை அறிந்திருக்கின்றனர். ஒன்று, "பணமில்லை, பேசாதே" என்று வாயை அடைப்பது. மற்றொன்று, கடனட்டையை நீட்டிப் பெரும் பூங்கா ஒன்றுக்கு அழைத்துச் சென்று, பின்னர் ஆண்டு முழுவதும் வட்டி கட்டுவது. மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை. அதற்குச் சான்றாக, கெவலாரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், நெதர்லாந்து நாட்டில் உள்ள எஃப்டெலிங் என்னும் பூங்காவை எடுத்துக்கொள்வோம்.

நெதர்லாந்தின் தென்பகுதியில் வட பிராபன்ட் மாகாணம் உள்ளது. அங்கே தில்பர்க் நகருக்கு வடக்கே காட்ஸ்ஹூவெல் என்றோர் ஊர். தோல் பதனிடுதலும் காலணி தைத்தலும் ஒரு காலத்தில் அவ்வட்டாரத்து மக்களின் பிழைப்பாக இருந்தன. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஓடியாடத் தகுந்த இடம் வேண்டும் என்று அவ்வூர்ப் பங்குக்குரு தெ கிளெயின் அடிகளாரும், துணைக்குரு ரீட்ரா அடிகளாரும் எண்ணினர். அவர்களது முயற்சியால் 1935-ஆம் ஆண்டில் கத்தோலிக்க விளையாட்டு, நடைப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. பந்து விளையாட ஒரு திடல், சிறுவர்க்கு ஊஞ்சல்கள், நடந்து செல்ல மரநிழற் பாதைகள், தொடக்கம் இவ்வளவே. இன்று உலகெங்கும் பெயர்பெற்ற பூங்காவின் விதை, ஒரு பங்கின் கவலையில் முளைத்தது என்பதை அறியும்போது நமக்கு மகிழ்ச்சி உண்டாகின்றது அன்றோ!

போருக்குப் பின், 1950-இல், இதற்கென ஓர் அறநிறுவனம் அமைக்கப்பட்டது. அவ்வட்டாரத்து நகரத் தலைவர் வான் டெர் ஹெய்டன் முன்னின்றார். எந்திர நுட்பம் அறிந்த பீட்டர் ரெய்ண்டர்ஸ் என்பவரும், நூல்களுக்குப் படம் வரைந்து புகழ்பெற்ற ஓவியர் அன்டன் பீக்கும் சேர்ந்துகொண்டனர். 1952-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள், பத்துக் கதைகளின் காட்சிகளைக் கொண்ட கதை வனம் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது 1955-இல்தான் என்பதை இங்கு நினைவுகூரலாம். உண்மையான கல்லும் மரமும் ஓடும் கொண்டே வீடுகளைக் கட்டவேண்டும் என்று பீக் வற்புறுத்தினார். அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அவ்வீடுகள் பாசி படர்ந்து, உண்மையாகவே யாரோ வாழ்ந்த வீடுகள்போல் காட்சியளிக்கின்றன.

அவ்வனத்தில் நடப்பவர் மெல்ல நடத்தல் வேண்டும். கோட்டையினுள் உறங்கும் இளவரசியின் மார்பு மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்குகின்றது. நெடுங்கழுத்தன் என்னும் பணியாளின் கழுத்து மரக்கிளைகளினூடே உயர்ந்து, மீண்டும் தாழ்கின்றது. 1966 முதல் அங்கே 'இந்திய அல்லி மலர்கள்' என்றொரு காட்சியும் உண்டு. பெல்ஜிய நாட்டு அரசி ஃபபியோலா எழுதிய கதையை அடிப்படையாகக் கொண்டது அது. நீரில் மலர்கள் விரிய, அவற்றினின்று எழும் தேவதைகள் நடனமாட, தவளைகள் இசைக்கின்றன. அந்த இந்தியா நாம் அறிந்த இந்தியா இல்லை. தொலைவிலிருந்து கனவு கண்ட ஒருவரின் இந்தியா. எனினும் நம் பிள்ளைகள் அதன் முன் நின்று, "இது நம் பக்கத்துக் கதையா?" என்று கேட்பார்கள். பெற்றோர் தம் ஊர்க் குளத்தையும் அல்லியையும் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல வேளை வாய்க்காது.

2004-இல் சேர்க்கப்பட்ட 'தீக்குச்சி விற்கும் சிறுமி' இன்னொரு காட்சி. குளிரில் நடுங்கும் ஏழைச் சிறுமி ஒரு குச்சியைக் கிழிக்க, அவ்வொளியில் அவள் அடையமுடியாத விருந்தும் வெப்பமும் தோன்றி மறைகின்றன. இறுதியில் இறந்துபோன பாட்டி வருகின்றாள். விளையாட வந்த இடத்தில் எதற்கு இத்துயரம் என்று சிலர் கேட்கலாம். கொண்டாட்டத்தின் நடுவே கண்ணாடிக்கு வெளியே நிற்பவரையும் காணப் பழக்குவது நல்ல கல்வியே.

பூங்கா வளர்ந்தது. 1969-இல் நீராவி இரயில் ஓடத் தொடங்கிற்று. 1981-இல் பைதான் என்னும் ரோலர் கோஸ்டர் வந்தது. 1993-இல் 'கனவுப் பறப்பு' வந்தது. பார்வையாளர் தொகை 2017-ஆம் ஆண்டில் ஐம்பது இலட்சத்தைத் தாண்டியது. வளர வளரக் கட்டணமும் உயர்ந்தது. காலணித் தொழிலாளியின் பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்ட வாயிலில் இன்று ஒரு தொழிலாளி தன் பிள்ளைகளுடன் நுழைய வேண்டுமாயின், அவன் திட்டமிட்டாக வேண்டும். அத்திட்டத்தை இனிக் காண்போம்.

முதலாவது, நாளைத் தேர்ந்துகொள்ளுதல். இங்கே நுழைவுக் கட்டணம் எல்லா நாள்களுக்கும் ஒன்றன்று. கூட்டம் மிகும் நாள்களில் விலை ஏறும். குறையும் நாள்களில் இறங்கும். இணையத்தில் முன்கூட்டியே நாளைக் குறித்துச் சீட்டு வாங்க வேண்டும். நெதர்லாந்தில் பள்ளி விடுமுறை வடக்கு, நடு, தெற்கு எனப் பகுதிவாரியாக வெவ்வேறு வாரங்களில் விடப்படுகின்றது. ஜெர்மனியிலும் மாநிலத்திற்கு மாநிலம் அது மாறும். உங்கள் பிள்ளைகளுக்கு விடுமுறையாகவும், பிற பகுதியினர்க்குப் பள்ளி நாளாகவும் உள்ள ஒரு வாரத்தில், செவ்வாய் அல்லது வியாழனைத் தேடுங்கள். பணமும் மிஞ்சும்; வரிசையில் நிற்கும் நேரமும் மிஞ்சும்.

இரண்டாவது, உண்மையான கணக்கு. மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. நான்கு வயது முதல் பெரியவரைப் போலவே செலுத்த வேண்டும். பெற்றோர் இருவர், பன்னிரண்டு வயது மகன், எட்டு வயது மகள், மூன்று வயதுக் குழந்தை ஆக ஐவர் உள்ள குடும்பத்திற்கு நான்கு சீட்டுகள். சீட்டு ஒன்று 45 யூரோ என்று வைத்துக்கொண்டால் 180 யூரோ. போக்குவரத்து, வண்டி நிறுத்தக் கட்டணம், சிறு செலவு ஆகியவற்றைச் சேர்த்து 300 யூரோ என்று எழுதுங்கள். மலைக்க வேண்டாம். பத்து மாதங்களில் மாதந்தோறும் 30 யூரோ ஒதுக்கினால் அது கையில் இருக்கும். நுழைந்தபின் ஏறத்தாழ எல்லா விளையாட்டுகளும் கட்டணத்தில் அடங்கும் என்பதால், எதிர்பாராத செலவு உணவிலும் கடைகளிலுமே நேரும்.

மூன்றாவது, உணவு. சொந்த உணவை உள்ளே கொண்டுசெல்லத் தடையில்லை. புளிச்சாதமும் அவித்த முட்டையும் இட்டலியும் ஒரு பையில் இருந்தால், ஐவருக்கான நண்பகல் உணவுச் செலவு அப்படியே மிஞ்சும். வெறும் குப்பிகளை எடுத்துச் செல்லுங்கள். அந்நாட்டுக் குழாய் நீர் குடிக்கத் தக்கது. மர நிழலில் அமர்ந்து உண்ண இடங்கள் உள்ளன. நம் உணவின் மணம் பிறர்க்கு எப்படியிருக்குமோ என்று சில பிள்ளைகள் கூச்சப்படுவர். தாயும் தந்தையும் கூச்சமின்றி உண்டால் அது தானே நீங்கும்.

உண்டபின் எஞ்சும் தாள்களைத் தூக்கிச் செல்லச் சிறுவர் போட்டியிடுவர். ஹோல்லெ போல்லெ ஹெய்ஸ் என்னும் பெருவயிற்றுப் பொம்மைகள் 1959 முதல் அங்கே வாயைத் திறந்து, "தாளை இங்கே போடு" என்று கூவிக் குப்பையை உறிஞ்சி, நன்றியும் சொல்லுகின்றன. காசில்லாத இவ்விளையாட்டைச் சிறுவர் திரும்பத் திரும்ப விரும்புவது வியப்பன்று.

நான்காவது, உயரம். வீட்டிலேயே பிள்ளைகளைச் சுவரோடு நிறுத்தி அளந்துவிடுங்கள். பைதானில் ஏற 1.20 மீட்டரும், 'பேரன் 1898' என்னும் கோஸ்டரில் ஏற 1.32 மீட்டரும் உயரம் வேண்டும். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபின் வாயிலில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் அழுகையை இவ்வளவில் தடுத்துவிடலாம். கைக்குழந்தை உள்ளவர்க்கு ஒரு வசதியுண்டு. தாய் ஏறும்போது தந்தை குழந்தையை வைத்திருந்து, பின்னர் மீண்டும் முழு வரிசையில் நில்லாமல் தந்தை ஏறலாம். பணியாளரிடம் கேட்டாற் போதும்.

ஐந்தாவது, வழியும் தங்குமிடமும். தில்பர்க் அல்லது டென் போஸ் இரயில் நிலையத்திலிருந்து பூங்காவின் வாயிலுக்கே பேருந்து செல்கின்றது. 4 முதல் 11 வயது வரையுள்ள சிறுவர்க்கு நெதர்லாந்து இரயில்களில் மிகக் குறைந்த கட்டணச் சீட்டு உண்டு. பூங்காவின் சொந்த விடுதிகள் அழகியவை. ஆயின் விலை மிகுந்தவை. இரண்டு மணி நேரப் பயணத்திற்குள் வாழ்வோர் அதிகாலையில் புறப்பட்டு இரவில் திரும்பலாம். தங்க வேண்டியிருந்தால் அருகிலுள்ள நகரங்களில் தங்குவதே சிக்கனம்.

இரண்டாம் நாள் இருக்குமாயின், அதற்கும் சீட்டு வாங்காதீர்கள். பூங்காவின் அருகிலேயே லோன், ட்ருனன் மணற்குன்றுகள் பரந்து கிடக்கின்றன. கடலில்லாத இடத்தில் கடற்கரை போன்ற வெண்மணல். சுற்றிலும் பைன் மரங்கள். 2002 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படும் அவ்விடத்தில் நடக்கக் கட்டணமில்லை. முதல் நாள் எந்திரங்கள் பிள்ளைகளைச் சுழற்றின; இரண்டாம் நாள் அவர்கள் தம் கால்களாலேயே குன்றேறி உருளட்டும். டென் போஸ் நகரின் புனித யோவான் பேராலயத்தில் அன்னையின் பழைமையான திருவுருவம் உண்டு. திரும்பும் வழியில் அங்கே அரைமணி நேரம் அமர்ந்திருக்கலாம்.

இனி, கணக்கைவிடக் கடினமான ஒன்று. இத்திட்டத்தைப் பிள்ளைகளுக்கு மறைக்காதீர்கள். மேசைமேல் தாளை விரித்து, "இவ்வளவு இருக்கின்றது, இதற்குள் போய்வருவோம்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உறையில் சிறு தொகையிட்டுக் கொடுங்கள். பொம்மை வாங்குவதா, இனிப்பு வாங்குவதா, மீதி வைப்பதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். வீட்டின் வரவறிந்த பிள்ளை சிறுமையடையாது. நம்பிக்கைக்கு உரியவனாகத் தன்னை உணரும். இவ்வாண்டு முடியாதென்றால் அடுத்த ஆண்டு என்று சொல்வதிலும் இழிவில்லை. கடன் வாங்கிச் சிரித்த ஒரு நாளுக்காக, அதன் தவணையை எண்ணி வீட்டில் எழும் சச்சரவைப் பல நாள் பிள்ளைகள் கேட்க நேர்வதுதான் இழிவு.

உணவகச் சமையலறையில் இரவுப் பணி செய்யும் தந்தை ஒருவர் இவ்வாறு ஓராண்டு சேமித்து, தம் குடும்பத்தை அங்கே அழைத்துச் சென்றார். திரும்பி வந்தபின் அவருடைய இளைய மகளிடம், எது மிகவும் பிடித்தது என்று கேட்டேன். நெடுங்கழுத்தனைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "அப்பா பகல் முழுவதும் தூங்காமல் எங்களோடு நடந்தார், சாமி" என்றாள். பகலில் அப்பா உறங்குவார், ஓசை செய்யாதே என்று கேட்டே வளர்ந்த பிள்ளை அவள். அவளுக்கு அப்பூங்காவிலேயே அரிய காட்சி அதுவாக இருந்தது.

ஆதலால், பூங்காவின் வரைபடத்தைக் கையில் எடுத்ததும் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். பத்து இடங்களைக் குறித்துக்கொண்டு, ஆறு பார்த்தால் போதும் என்றிருங்கள். கைப்பேசியைப் பையில் வையுங்கள். சின்னவனின் நடைக்கு ஏற்பக் குடும்பம் நடக்கட்டும். பள்ளி திறந்ததும் உங்கள் பிள்ளை ஆசிரியைக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும். அதைச் சொல்லும்போது, வீட்டில் அடைக்க வேண்டிய கடன் ஒன்றும் இராது. அடுத்த பயணத்திற்கான முதல் 30 யூரோவை இம்மாதச் சம்பளத்திலேயே ஒதுக்கி வையுங்கள்.