கட்டபொம்மன் வாள்

ஆண்டு விழா நாடகத்தில நான்தான் கட்டபொம்மன்! 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் சிவாஜி பிடித்த வாள் மாதிரியே வேணும்னு ஆசை. பழைய பேப்பர் போட்டோவை ஸ்கேலால் அளந்தேன். அவர் நாலு விரல் அகலம் 6 மி.மீ., கைப்பிடியோடு வாள் 30 மி.மீ. ஐந்து மடங்கு. என் நாலு விரல் 7 செ.மீ. ஏலக்காய்க் கடை அட்டைப்பெட்டியில் 35 செ.மீ. வெட்டினேன்.

"தேங்காய் உடைக்கவா தாயி?" என்று அம்மாச்சி சிரித்தது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

கணக்கு டீச்சர் பேனாவை என் கண்ணுக்கு நேரே நீட்டினார். கட்டையாத் தெரிந்தது. குறுக்கே பிடித்தார், நீளம்! போட்டோவிலும் வாள் நம்மைப் பார்த்துத்தான் நீண்டிருக்கு. குறுக்கே பிடித்த வேறு போட்டோ தேடி அளந்தேன். பதினோரு மடங்கு, 77 செ.மீ.!

நாளை ஒத்திகை. வெள்ளித்தாள்தான் பத்தலை. யாரிடமாவது இருக்கா?