நெய்ப்பந்தமும் ஒரு வீடியோ நாடாவும்



இன்று ஒரு திகில் படத்தைப் பற்றி எழுதப் போகிறேன். அதை யாரும் தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்காக அன்று. பதினொரு வயதில் அப்படம் எனக்குச் செய்ததையும், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அதே படத்தை எடுத்துக்காட்டாக வைத்து என் வகுப்பறையில் நான் செய்த பிழையையும் சொல்லவே எழுதுகிறேன்.

1993-ஆம் ஆண்டு. நாங்கள் அப்போது தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். பள்ளி விடுமுறையில் பெரியப்பா மகன் பட்டணத்திலிருந்து ஒரு வீடியோ நாடாவைக் கொண்டு வந்தார். உறை இல்லை, முத்திரை இல்லை. நகலுக்கு நகல் எடுத்த நாடா அது. பெரியவர்கள் கோவில் கூட்டத்திற்குச் சென்றிருந்த இரவில், கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகள் ஐவர் அதைப் பார்த்தோம். “இதெல்லாம் நெசம்டா, நடிப்பு இல்ல,” என்றார் அண்ணன். பாதியிலேயே நான் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டேன். ஆனால் ஒலியை எதில் புதைப்பது?

அப்படத்தின் பெயர் ‘ஃபேசஸ் ஆஃப் டெத்’, அதாவது மரணத்தின் முகங்கள். 1978-இல் அமெரிக்காவில் உருவானது. ஜான் ஆலன் ஷ்வார்ட்ஸ் என்பவர் கோனன் லெ சிலேர் என்னும் புனைபெயரில் அதை இயக்கினார். கதை என்று ஒன்றில்லை. ஒரு மருத்துவர் தோன்றி, தாம் உலகெங்கும் திரட்டிய மரணக் காட்சிகளை ஒவ்வொன்றாக விளக்குவார். ஆவணப்படத்தின் வேடம் பூண்ட திகில் படம் அது. வீட்டு வீடியோ பெருகிய 1980-களில்தான் அது உலகம் சுற்றியது. ‘46 நாடுகளில் தடை செய்யப்பட்டது’ என்ற மிகைப்படுத்தப்பட்ட விளம்பரமே அதற்கு விற்பனைத் தந்திரமாயிற்று. தணிக்கையும் வயதுக் கட்டுப்பாடும் திரையரங்கின் வாசலோடு நின்றுவிட, நாடா மட்டும் வீட்டு வரவேற்பறைக்குள் நுழைந்துவிட்டது. இத்தகைய நாடாக்களைக் கண்டு அஞ்சித்தான் பிரிட்டன் 1984-இல் வீடியோப் பதிவுகளுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

அவ்வாண்டின் இறுதியில் எங்கள் பாட்டி காலமானார். நோயில் படுத்து, வீட்டிலேயே, பிள்ளைகள் சூழ அமைதியாகப் போனவர். கூடத்தில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றியிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும் என்று அப்பா அழைத்தார். நான் கொல்லைப்புறம் ஓடி, குளியலறையில் தாழிட்டுக்கொண்டேன். பாட்டியின் முகத்தைப் பார்த்தால் அந்த நாடாவின் முகங்களாகத் தெரியுமோ என்ற அச்சம் எனக்கு. எனக்குச் சோறூட்டிய முகத்தை நான் கடைசியாக ஒருமுறை பார்க்கவில்லை. பாசமில்லாத பிள்ளை என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். நாடாவைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த பிறகு, 2008-இல் அப்படத்தின் 30-ஆம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பு டிவிடியாக வெளிவந்த காலத்தில், அதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அந்த மருத்துவர் மருத்துவரே அல்லர், மைக்கேல் கார் என்னும் நடிகர். உணவகத்தில் குரங்கின் தலையைப் பிளந்து உண்பதாக வரும் காட்சியில் தட்டில் இருந்தது, செயற்கை இரத்தம் கலந்த காலிஃபிளவர். மின்நாற்காலி மரண தண்டனையும் நடிப்பே. வாசித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு கண் கலங்கினேன். ஒரு காலிஃபிளவருக்கு அஞ்சியா பாட்டியை வழியனுப்பாமல் விட்டேன்?

இன்னொரு செய்தியும் கண்ணில் பட்டது. 1985-இல் கலிபோர்னியாவின் எஸ்கொண்டிடோ நகரில், உயர்நிலைப்பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர் இப்படத்தைத் தம் வகுப்பிலேயே போட்டுக் காட்டியிருக்கிறார். மனம் பாதிக்கப்பட்ட மாணவர் இருவர் வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற்றனர். ‘இப்படியும் ஓர் ஆசிரியரா’ என்று எண்ணினேன். நானும் ஒருநாள் தடுமாறுவேன் என்று அப்போது தோன்றவில்லை.

2022-இல் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் சிலர், புலனத்தில் வந்த ஒரு சாலை விபத்துக் காணொளியைப் பற்றி ஓய்வு நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் அச்சம் பரவியிருந்தது. அவர்களைத் தேற்ற எண்ணிக் காலிஃபிளவர் கதையைச் சொன்னேன். “இவையெல்லாம் பொய், பயப்படாதீர்கள்” என்று முடித்தேன். வகுப்பு சிரித்தது. ஒரு மாணவன் மட்டும் சிரிக்கவில்லை.

பள்ளி முடிந்ததும் நடைவழியில் என்னருகே வந்து நின்றான்.

“அது பொய் இல்ல ஐயா. எங்க மாமா.”

முந்தைய மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த அவனுடைய தாய்மாமன். யாரோ ஒரு வழிப்போக்கர் எடுத்த காணொளி ஊரெல்லாம் சுற்றி, அவன் அம்மாவின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அம்மா பார்ப்பதற்குள் அவன் பார்த்துவிட்டான். அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் அப்பாவிடம் சொல்லாதவன்தானே!

மறுநாள் வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அந்தப் பழைய படத்திலும் எல்லாமே நடிப்பில்லை, செய்திப் படங்களிலிருந்து எடுத்த உண்மைக் காட்சிகளும் கலந்திருந்தன, நேற்று நான் பாதியை மட்டுமே சொன்னேன் என்றேன். அம்மாணவனின் பெயரைச் சொல்லவில்லை. பிறகு அவனுடைய இசைவோடு அவன் தாயாரை அழைத்துப் பேசினேன். அவர் நெடுநேரம் அழுதார். மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமாவுக்கு வலிச்சிருக்குமாம்மா?” என்று கேட்டான். ஒரு மாதமாக அவன் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த கேள்வி அது. “தெரியலப்பா” என்றார் தாய். நான் சொன்ன தேற்றரவைவிட அந்த ஒரு சொல் நேர்மையானது. அதன் பிறகுதான் அவன் அழுதான். பிறகு மாமாவைப் பற்றிப் பேசினான். சனிக்கிழமை காலைகளில் ரொட்டி சானாய் வாங்கித் தருவாராம், மோட்டாரை அவனைக்கொண்டுதான் கழுவச் சொல்வாராம்.

நண்பர்களே, என் காலத்தில் நாடா வாங்கப் பட்டணம் போக வேண்டியிருந்தது. இன்று அது பிள்ளையின் படுக்கைக்கே வந்துவிடுகிறது. தடுக்க முயல்வோம், ஆனால் முற்றும் தடுத்துவிட முடியாது. ஆகவே, பிள்ளை எதையோ பார்த்து அஞ்சுகிறது என்று தெரிந்தால், பொய் என்று முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். என்ன பார்த்தாய், யாரோடு பார்த்தாய் என்று முதலில் கேளுங்கள். விடை தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றே சொல்லுங்கள். விபத்துக் காட்சி எதுவும் உங்கள் கைப்பேசிக்கு வந்தால் அங்கேயே அழித்துவிடுங்கள். அதில் கிடப்பவர் யாரோ ஒரு பிள்ளைக்கு மாமாவாக இருப்பார்.

அப்பா இப்போது முதுமையில் இருக்கிறார். பாட்டிக்கு ஏன் நெய்ப்பந்தம் பிடிக்கவில்லை என்பதைக் கடந்த தீபாவளியன்றுதான் அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பவே சொல்லியிருக்கலாமேடா” என்றார். நாங்களும் கேட்டிருக்கலாம் என்று அவரே பிறகு சொன்னார்.