வரட்டிக்கு எந்தக் கணக்கு?

2014இல் 1,000 கோடி டாலராக இருந்த இந்திய உயிரியல் பொருளாதாரம் 2024இல் 16,570 கோடி டாலராகிவிட்டது என்கிறது அரசு அறிக்கை. 2030க்குள் 30,000 கோடி என்பது இலக்கு. இத்தகைய எண்களைக் கண்டதும் வியப்பதோ ஐயுறுவதோ நம் வழக்கம். இரண்டுக்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வியொன்று உண்டு: எதையெல்லாம் சேர்த்து எண்ணினார்கள்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டு ஆவணம் வயல், காடு, மீன்பிடி, உணவு, காகிதம் அனைத்தையும் உள்ளே அழைத்துக்கொள்கிறது. ஆகவே உழைப்போரில் 8.2 விழுக்காட்டினர் அதற்குள் வந்துவிடுகின்றனர். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2020ஆம் ஆண்டு அறிக்கையோ வழமையான வேளாண்மையைப் பெரும்பாலும் வெளியே நிறுத்துகிறது. மரபணு மாற்றப் பயிர்கள், உயிரி மருந்துகள் போன்றவற்றை மட்டும் கொண்டு, 2016இல் உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து யார் முந்தி என்று எழுதப்படும் கட்டுரைகள் நமக்குச் சலிப்பையே தருகின்றன.

நாம் அணியும் சட்டையையே எடுத்துக்கொள்வோம். நெசவுத் தொழிலுக்கான ஐரோப்பியப் புள்ளிவிவரக் குறியீடு பருத்தியையும் பாலியெஸ்டரையும் பிரித்தறிவதில்லை. எனவே வல்லுநர்கள் 'உயிர்வழிப் பங்கு' என்றொரு விகிதத்தை மதிப்பிட்டுப் பெருக்குகிறார்கள். நேர்மையான ஊகந்தான், ஆயினும் ஊகம். போதாக்குறைக்கு, அவ்வாவணம் பெருமையோடு கூறும் 2.3 லட்சம் கோடி யூரோ என்பது விற்றுமுதல். கோதுமை விற்றதும் மாவு விற்றதும் ரொட்டி விற்றதும் அதில் தனித்தனியே கூட்டப்படுவதால் ஒரே கோதுமை மூன்று முறை தலைகாட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கூடிய மதிப்பை மட்டும் எடுத்தால்தான் நாட்டுக்கு அது தந்தது எவ்வளவு என்று சொல்ல முடியும்.

நம் நாட்டில் இன்னொரு வேடிக்கை. தேசியக் கணக்குகளில் கால்நடை உற்பத்தி என்ற தலைப்பின்கீழ் சாணத்துக்கும் மதிப்பு போடப்படுகிறது, எருவாகவும் எரிபொருளாகவும். பெண்கள் சுவரில் தட்டிக் காயவைக்கும் வரட்டிக்கு (எருமுட்டை என்போரும் உளர்) அங்கே ஓர் இடமுண்டு. உயிரியல் பொருளாதார அறிக்கையின் மருந்து, தடுப்பூசி, பி.டி. பருத்தி, எத்தனால், ஆய்வுச் சேவை ஆகிய வகைகளிலோ அது வந்து அமர வழியில்லை. கரும்புச் சாற்றின் எத்தனால் உயிரியல் பொருளாதாரம். அதே ஊரின் அடுப்பில் எரியும் சாணம் அன்று!

மானியமும் கடனும் எண்ணப்பட்டவற்றின் பக்கமே சாய்பவை. ஆதலால் அறிக்கையின் முதற்பக்கத்தில், அந்தப் பெரிய எண்ணுக்கு அருகிலேயே, எண்ணாமல் விட்டவற்றின் பட்டியலையும் அச்சிட வேண்டும் என்பது நம் விருப்பம். வரட்டியிலிருந்து தொடங்கலாம்.