முதுகில் இருந்த எண்

லண்டனில் ஒரு பொது நூலகத்தின் சிறுவர் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, சனிக்கிழமை வாசிப்புக்கு சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகளை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஏழு புத்தகங்கள். முதுகில் 1 என்று அச்சிட்டிருந்த ‘தி மேஜிசியன்ஸ் நெஃப்யூ’வை எடுத்தேன். வாரம் இரண்டு அத்தியாயம்.

இரண்டு மாதம் கழித்து, 2 என்று போட்டிருந்த ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’. லூசி அலமாரிக்குள் நுழைகிறாள். தொங்கும் கோட்டுகளை விலக்கிக்கொண்டே போனால் காலடியில் பனி. நடுக்காட்டில் ஒரு தெருவிளக்கு எரிகிறது. அங்கே குரலைத் தணித்து நிறுத்தினேன்.

“அந்தச் சூனியக்காரி வீசின இரும்புதானே அது?” என்றான் முன்வரிசைப் பையன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒரு முகத்திலும் வியப்பில்லை.

பின்னால் உட்கார்ந்திருந்த மூத்த நூலகர்தான் எனக்கு ஆசிரியை. மாலையில் ஒன்றே ஒன்று கேட்டார்: “இந்த எண்ணை யார் போட்டார்கள் என்று பார்த்தீர்களா?”

பார்க்கவில்லை. ஏழையும் மேசையில் பரப்பி, முதலில் வெளிவந்த ஆண்டுப்படி அடுக்கச் சொன்னார். தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பின்புறம் பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும். மறுபதிப்பு ஆண்டுகளை நம்பி இரண்டு முறை தப்பாக அடுக்கினேன். மூன்றாம் முறை அவரே என் விரலைப் பிடித்து, முதல் வெளியீட்டைச் சொல்லும் வரியில் வைத்தார். அலமாரிக் கதை 1950. நான் முதலில் படித்தது 1955, ஆறாவது. கதை நடக்கும் காலப்படி எண்ணிட்டது பின்னாளைய பதிப்புகளில்தான்.

எனக்கு மனம் ஆறவில்லை. 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் காலவரிசையே தமக்கும் உடன்பாடு என்று லூயிஸ் சொல்லியிருந்ததைத் தேடிப் பிடித்துக் காட்டினேன். “கடைசிவரை படியுங்கள்” என்றார் ஆசிரியை. எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வேறுபாடு இல்லை போலும் என்றும் அதே கடிதத்தில் லூயிஸ் எழுதியிருந்தார். “தனியே படிக்கும் பிள்ளை எப்படியும் படிக்கட்டும். நீங்கள் வாசித்துக் காட்டுகிறவர்” என்றார் ஆசிரியை.

புதிய குழுவுக்கு 1950இலிருந்து தொடங்கினேன். அதிலும் சறுக்கினேன். பீவர் முதன்முதலாக அஸ்லான் என்ற பெயரைச் சொல்லும் இடம். கதையில் அதைக் கேட்கும் நான்கு பிள்ளைகளுக்கும் அவர் யாரென்று தெரியாது. நானோ புத்தகத்தைத் தாழ்த்தி, அவர் நார்னியாவைப் படைத்த சிங்கம் என்று விளக்கிவிட்டேன். ஆறாவது புத்தகத்துக்கு உரியதை முதல் புத்தகத்திலேயே கொட்டியாயிற்று. ஆசிரியை கோபிக்கவில்லை. அடுத்த வாரம் முதல், வாசிக்கும்போது கட்டைவிரலை வரியின் ஓரத்தில் அழுத்திக்கொள்ளச் சொன்னார். பேச வாய் துடித்தால் விரலை அழுத்த வேண்டும். பல சனிக்கிழமைகள் என் நகம் வெளுத்தே கிடந்தது.

பத்து மாதத்துக்குப் பிறகு ‘தி மேஜிசியன்ஸ் நெஃப்யூ’ வந்தது. லண்டன் தெருவிளக்கிலிருந்து பிடுங்கிய இரும்புத் துண்டைச் சூனியக்காரி சிங்கத்தின் மேல் வீசுகிறாள். அது தெறித்துப் புல்லில் விழுகிறது. புது மண்ணில் வேர்விட்டதுபோல வளரத் தொடங்குகிறது.

விரலை அழுத்திக்கொண்டேன். யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சிறுமி எழுந்து அடுக்குக்குப் போனாள். முதல் புத்தகத்தை உருவி, பாலின் பெய்ன்ஸ் வரைந்த படங்களைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மற்றவர்களும் அவளைச் சுற்றி மண்டியிட்டார்கள். பின்னாலிருந்த ஆசிரியை என்னைப் பார்த்து, அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருக்கும்படி கையால் சைகை காட்டினார்.